ரத வீதியில் ஒரு சித்தர்

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சாமி கும்பிட வருகிறவர்கள் வேறு. அவர்கள் புற்று மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, பிள்ளைகளுக்கு வளையலோ பொம்மையோ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். பின்னால் லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஏசினால் அவரையும் சிரித்துக்கொண்டே படம் எடுப்பார்கள்.

நான் சங்கரன்கோவில் வடக்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறேன். வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஊரைக் காட்டுவது என் வேலை இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு நூல் வியாபாரியிடம் வேலை பார்க்கிறார். அந்த வியாபாரியின் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். கோயிலும் பழைய தெருக்களும் பார்க்க வேண்டுமாம், கூடவே ஒரு பெண் வந்தால் நல்லதாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. வீட்டுக்காரர் அதைத் திறக்க விடவில்லை.

கூட்டிக்கொண்டு போனேன். கோபுரத்தைப் பார்த்தாள், கோயிலுக்குள் இருக்கும் நாகசுனைக் குளத்தைப் பார்த்தாள். உடம்பு நோவு தீர வேண்டிக்கொண்டு சனங்கள் உண்டியலில் போடும் வெள்ளித்தகட்டுப் பாம்பையும் தேளையும் கடையில் பார்த்துவிட்டு, இதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். மேல ரத வீதியில் ஒரு வீட்டுக் கதவில் நீலப் பெயிண்ட் உரிந்து தொங்கும். அதை மாற்ற வழியில்லாமல் அந்த வீட்டு அம்மா வாசலில் நிற்கவே கூச்சப்படுவாள். இவள் அந்தக் கதவில் சாய்ந்து விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டாள். தெரு எவ்வளவு அழகு என்றாள். சாக்கடை மூடியின் மேல் நின்றுகொண்டுதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் என் தம்பி வந்தான்.

தம்பி விசைத்தறியில் வேலை பார்த்தவன். சில வருஷங்களுக்கு முன் அவனுக்கு மனநோய் வந்தது. கல்யாணம் நின்றுபோனது, வேலையும் போனது. திருநெல்வேலி டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஓரளவு தேறி, எங்களோடுதான் இருக்கிறான். தினமும் நடக்கட்டும், அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலமானால் செருப்பில்லாமல் நாலு ரத வீதியையும் சுற்றி வருவான். வாய் முணுமுணுக்கும். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய கை. தறியை விட்டு வந்த பிறகும் அது முடிந்துகொண்டே இருக்கிறது. தெருவில் யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழகிப்போனவன். சுற்றி முடித்தால் சாப்பிடுவான், படுத்தால் தூங்குவான். அந்த நடைதான் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது.

அவள் போனைத் தூக்கினாள். "படம் எடுக்காதீங்க, அது என் தம்பி" என்றேன். எடுக்கவில்லை ஆன்ட்டி என்றாள். எடுத்திருந்தாள்.

மறுவாரம் தெருமுனையில் பூ விற்கிற அக்கா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, உன் தம்பி போன்ல வாரான், பாத்தியா?" என்று நீட்டினாள். தம்பி நடக்கிறான். பின்னால் உடுக்கை அடிக்கிற இசை. கீழே எழுத்து: ரத வீதிகளை ஓயாமல் வலம் வரும் மௌனச் சித்தர், விரலால் எண்ணி மந்திரம் ஜெபிக்கிறார்.

மந்திரமாம். என் தம்பி வாயில் வருவதெல்லாம் பழைய முதலாளியைத் திட்டுகிற கெட்ட வார்த்தை.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் சாமி விஷயத்தில் சும்மா இருப்பார்களா? பிறந்ததிலிருந்து அவனைப் பார்க்கிறவர்களே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவது நமக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்று டீக்கடைக்காரர் என்னிடமே கேட்டார். அந்தப் பூக்கார அக்கா, முந்தின மாதம் வரை அவனைக் கிறுக்குப்பய என்று செல்லமாக ஏசியவள், அவனுக்கென்று ஒரு முழம் எடுத்துவைக்கத் தொடங்கினாள். கார்களில் ஆட்கள் வந்தார்கள். கோபுரம், புற்று மண், அப்புறம் என் தம்பி. ஊரில் பார்க்க வேண்டியவற்றில் அவனையும் சேர்த்துவிட்டார்கள்.

கீழ ரத வீதியில் ஒரு குடும்பமே அவன் காலில் விழுந்தது. ஒருத்தி கைக்குழந்தையை அவன் பாதத்தில் கிடத்தினாள். அவன் பயந்து, மிதித்துவிடாமல் தாண்டி, வீடு வரைக்கும் ஓடி வந்தான். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டான்: "யக்கா, நான் என்ன பண்ணுதேன்னு இவுங்க எங்கால்ல விழுதாவ?"

அதன் பிறகு அவன் வெளியே போகவில்லை.

நடை நின்றதும் தூக்கம் போனது. மூலையில் உட்கார்ந்து விரலைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். எப்படியாவது நடக்க வையுங்கள் என்றார். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து வீடியோவை நீக்கச் சொன்னேன். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா, உங்கள் ஊருக்கு நல்லதுதானே ஆன்ட்டி என்றாள். நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஆடி பிறந்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. எங்கள் ஊர் அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றவள். அவளுடைய கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்வதாக நினைத்து, கொடி ஏறிய நாளிலிருந்து சனங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். ஆடிச்சுற்று என்பது அதுதான். வேண்டிக்கொண்ட எண்ணிக்கை முடிகிற வரை செருப்பில்லாமல் நடப்பார்கள். எண்ணிக்கை தப்பிவிடாமல் இருக்க விரலை மடக்கி, வாயால் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு ஓடினேன். "ஏலே, வா. இன்னைக்கு உன்னைய யாரும் பாக்க மாட்டாவ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வெளிப்பிரகாரத்தில் கூட்டம் நெரிந்தது. வாசுதேவநல்லூரிலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் வந்த சம்சாரிகள், புதுப்பெண்கள், காலேஜ் பையன்கள். எல்லாருக்கும் வெறுங்கால், எல்லாருக்கும் முணுமுணுக்கிற வாய், எல்லார் விரலும் ஏதோ செய்துகொண்டிருந்தது. தம்பி முதலில் சுவரோரமாக ஒண்டினான். அப்புறம் கூட்டத்துக்குள் இறங்கினான். அவனைத் தேடி வந்த ஒரு போன்காரன் எங்கள் பக்கத்தில் நின்றே, சித்தர் எங்கே என்று என்னைக் கேட்டான். குற்றாலம் போய்விட்டார் என்றேன். தம்பி அவனை உரசிக்கொண்டு போனான்.

தபசு முடிகிற வரை தினமும் நடந்தோம். தம்பி சாப்பிட்டான், தூங்கினான். அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும் தபசுக் காட்சி முடிந்த மறுநாள் சாயங்காலம் தானாகவே வாசலுக்கு வந்தான். தெருவை எட்டிப் பார்த்தான். காற்றில் காகிதத்தட்டுகள் உருண்டுகொண்டிருந்தன. "எல்லாரும் எங்கக்கா? இன்னைக்கு ஏன் யாரும் நடக்கல?" என்றான். உள்ளே திரும்பிப் போகப் பார்த்தான்.

மறுநாள் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் மிஷினிலேயே கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவனுக்கு முன்னால் தெருவில் இறங்கினேன். ஒரு சுற்று முடிவதற்குள் கார் வந்து நின்றது. போன்கள் உயர்ந்தன. ஒரு அம்மாள் அவன் காலைத் தொடக் குனிந்தாள். நான் நடுவில் போய் நின்றேன். "இவன் எந்தம்பி. தறியில இழை முடிஞ்ச கை இது. சித்தருமில்ல, புத்தருமில்ல. வழிய விடுங்க" என்றேன். அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே மீதித் தெருவை நடந்தேன்.

சில நாளில் பூக்கார அக்கா மறுபடி போனை நீட்டினாள். வீடியோவில் நானும் தம்பியும். கலைந்த தலையோடு, வெறுங்காலோடு, கையை ஆட்டி ஆட்டி முணுமுணுத்தபடி நான் முன்னே போகிறேன். சித்தரின் பெண் சீடர், அருள் வந்த நிலையில் என்று எழுதியிருந்தது.

தம்பி அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான். நோய் வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"யக்கா, உனக்கும் வந்துட்டே" என்றான். பிறகு நேரமாகிறது என்று வாசலுக்குப் போய் நின்றான்.