துருவண்ணனின் ஆறு தந்திகள்

தந்திகள் கடைசியாக மாற்றப்பட்ட நாள் 2019 ஆகஸ்ட் 11. கிதாரின் வயது பதினேழு. வாசிப்பவரின் வயது நாற்பத்தாறு. தொழில், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரத்தை இயக்குவது. இசை, சோல் எனும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை. சொந்தமாக எழுதி முடித்த பாடல்கள் நான்கு, முடியாதது ஒன்று. வேலை விட்டு வந்ததும், அட்டைத்தூள் படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலின் ஓரத்தில் அமர்கிறார். கிதாரை மடியில் கிடத்தித் தந்திகளை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறார். பழைய இரும்பின் வாடை. அதற்கு ஒரு தலையசைப்பு. பிறகுதான் விரல் வைக்கிறார்.

அவர் வாசிக்கும் இசைக்குழுவில் அவர் பெயர் 'துரு'. டிரம்ஸ்காரர் சூட்டியது, வயதை உத்தேசித்து 'அண்ணே' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். தந்தியை மாற்றச் சொல்பவர்களுக்கு அவரிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: "புதுக் கம்பி சும்மா பல்லைக் காட்டும்ப்பா. பழசுதான் அழும்." சொல்லிச் சலித்து, மூன்றாம் ஆண்டிலேயே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

சோல் இசையில் கிதாருக்கு இடம் குறைவு. மனத்தில் கிடப்பதைக் குரல்தான் கொட்ட வேண்டும். கிதார் தாளத்தின் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மனைவிக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை.

"பாதி நேரம் சும்மா நிக்கிறதுக்கு ஒரு கிட்டாரு, அதுக்கு ஒரு ஆம்ப்பு வேற!"

"அந்தச் சும்மாதாம்மா கஷ்டமே."

முடியாத பாடலின் பெயர் 'கதவு'. சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். "சாவி கையில இருக்கு, ஆனாலும் தட்டுறேன்" என்பது அதன் முதல் அடி. கொழுந்தியாள்தான் குழுவின் பாடகி. அந்த அடியை அவள் பாடினால் டிரம்ஸ்காரர் குச்சியைத் தொடையில் வைத்துவிட்டுக் கேட்பார். ஆனால் கதவுக்கு உள்ளே இருப்பவள் என்ன சொல்கிறாள் என்பது துருவண்ணனுக்கு எட்டு மாதமாக வரவில்லை. இரண்டாம் சரணம் இல்லாமலே, மார்ச் 14 அன்று நகர அரங்கில் நடக்கவிருந்த கச்சேரியின் கடைசிப் பாட்டாக அதை அறிவித்தும்விட்டார்கள்.

பிப்ரவரியில் அவருக்கு ஒரு பயம் பிடித்தது. மெல்லிய தந்தியின் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் திருகைக் கூட்டினார், போதவில்லை, முழுவதுமாகத் திருகினார்.

"அண்ணே, ஆம்ப்பு இரையுது. காதுல ஊசி குத்துது" என்றார் டிரம்ஸ்காரர்.

துருவண்ணன் கணக்குப் போட்டார். அவர்களுக்குக் குத்துகிறது, தனக்கு மட்டும் மங்கல். இருபத்திரண்டு ஆண்டு வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற காது போய்விட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. டிரம்ஸ்காரரைத் தனியே அழைத்து, "பதினாலாம் தேதிக்கு வேற ஆளப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். டிரம்ஸ்காரர் பாடகியிடம் சொல்ல, பாடகி அக்காளிடம் சொல்ல, அக்காள் அவரிடமிருந்து காரணத்தைக் கறந்துவிட, மறுநாள் காலையிலேயே அவர் மருத்துவமனையின் கண்ணாடி அறைக்குள் காதுப் பரிசோதனைக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

ஒலி கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். பரிசோதிக்கும் பெண் இரண்டு முறை நிறுத்தினார்.

"சத்தம் வந்த உடனே அமுக்கணும் சார். ஏன் கொஞ்சம் நின்னு அமுக்குறீங்க?"

"பழக்கம்ங்க. தட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி வந்தாத்தான் நல்லாருக்கும்."

"இங்க நல்லாருக்க வேண்டாம் சார். உடனே இருந்தாப் போதும்."

முடிவு பத்து நிமிடத்தில் வந்தது. இரண்டு காதுகளிலும் குறை ஏதுமில்லை.

"நல்லாப் பாத்தீங்களா மேடம்? ஒண்ணுமே இல்லையா?" என்றார் கூட வந்திருந்த மனைவி.

"ஒண்ணுமே இல்லைங்க. மெல்லிசான சத்தம்கூட நல்லாவே கேக்குது."

மனைவி கணவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "அப்போ இத்தனை வருஷமா நான் கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சா?"

துருவண்ணன் சுவரில் தொங்கிய காதின் படத்தை மிகுந்த கவனத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடைகூடத்துக்கு வந்தபிறகும் அவர் நம்பவில்லை. "மிஷின் பொய் சொல்லும்" என்றார். மனைவி கைப்பேசியில் எதையோ தேடி எடுத்து அவர் காதில் வைத்தார். அவருடைய முதல் பாடல். 2019 ஆகஸ்டில், இதே தந்திகள் புதிதாக இருந்தபோது, வீட்டில் பதிவு செய்தது. அதை மனைவி வைத்திருந்ததே அவருக்குத் தெரியாது.

"மெல்லிசுக் கம்பி கேக்குதா?"

"கேக்குதே… பளிச்சுனு கேக்குது!"

"இப்ப இதக் கேளுங்க. போன வாரம் வாசிச்சது." கைப்பேசியிலிருந்து கம்பளி ஒலித்தது. "காதுக்கு ஒண்ணும் ஆகலை. கம்பிக்குத்தான் வயசாயிடுச்சு."

துருவண்ணன் நடைகூடத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, நெடுநேரம் சத்தமில்லாமல் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் அவருடைய வலக்கை முழங்காலைத் தட்டத் தொடங்கியது. இரண்டு, நான்கு. இரண்டு, நான்கு.

அன்று மாலையே இரண்டாம் சரணம் வந்துவிட்டது. கதவுக்கு உள்ளிருந்து அவள் கேட்கிறாள்: "கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சா?" வெளியே நிற்பவன் சொல்கிறான்: "கேட்டுச்சு, எல்லாமே கேட்டுச்சு."

ஒத்திகையில் தங்கை பாடியபோதுதான் மனைவி அதை முதன்முதலாகக் கேட்டார். "என்னைக் கேக்காமலே பாட்டுல போட்டுட்டீங்களா?"

"அக்கா, அழாமத் திட்டு" என்றாள் தங்கை.

"யாருடி அழுறா? நீ பாடு."

கச்சேரியன்று பிற்பகல், அரங்கின் பின்னறையில் துருவண்ணன் வெட்டுக்குறட்டை எடுத்தார். மெல்லிய தந்தியில் தொடங்கி ஒவ்வொன்றாக அறுத்துப் புதியதைப் பூட்டினார். தடித்த ஆறாவது தந்திக்கு வந்ததும் குறடு நின்றது. குனிந்து அதை முகர்ந்தார்.

"அண்ணே, அதையும் அறுங்கண்ணே!" என்று இரைந்தார் டிரம்ஸ்காரர்.

துருவண்ணன் குறட்டைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, சட்டை நுனியால் அந்தத் தந்தியை மட்டும் மேலிருந்து கீழாகத் துடைத்தார்.

மார்ச் 14, மாலை ஏழு மணிக்கு அவருடைய கிதாரில் இருந்தவை: புதிய தந்திகள் ஐந்து, பழையது ஒன்று.