கரும்புக்குள் போன காட்டுப்பன்றி

ஆளைக் கண்டால் காட்டுப்பன்றி ஓடிவிடும். அடிபட்ட பன்றிதான் திரும்பிப் பாயும். இது எனக்கு நன்றாகத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் வலை கட்டி, அன்று காலை ஒரு பன்றியை ஈட்டியால் குத்தினேன். அது வலையை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கரும்புக்குள் புகுந்துவிட்டது.

கரும்புக்காரர் காய்ந்த இலையான சோகையை உரிக்க வந்தார்.

“இன்னாண்ணா, வெயிலே வரல, இப்டி வேர்த்துக்கினு நிக்கிறீங்க? பன்னி கின்னி உள்ள பூந்துச்சா?”

“அதெல்லாம் இல்லப்பா. நீ போ.”

நான் ஓய்வூதியக்காரன். பன்றியைக் குத்தியது தெரிந்தால் வனத்துறை வழக்குப் போடுமோ, ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

அவர் உள்ளே போன சற்று நேரத்தில் கரும்பு முறியும் சத்தமும் அலறலும் கேட்டன. பன்றி அவர் தொடையைக் கிழித்திருந்தது. திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, காயத்தைத் துண்டால் அழுத்தியபடி உண்மையைச் சொன்னேன்.

“மின்னாடியே சொல்லியிருந்தா நான் உள்ள போயிருக்க மாட்டேனேண்ணா” என்றார்.

உயிர் பிழைத்தார். அந்தக் கால் இன்னும் மடங்குவதில்லை.