முனை நறுக்காத கற்றாழைகள்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கல்முனையில் பொத்துவில் பஸ்ஸில் ஏறினோம், நானும் ஒன்பது வயது மகள் ஸைனபும். நாங்கள் இறங்க வேண்டிய கோமாரி ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீற்றர். அங்கே என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர் றபீக் மச்சான் கடற்கரை மணலில் ஒரு பாலைவனத் தோட்டம் போட்டிருக்கிறார். கட்டாரில் பூங்கா வேலைகளை மேற்பார்வை செய்துவிட்டுத் திரும்பியவர். வந்த நாள் முதல் ஆனைக் கற்றாழை வகைகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சனம் வந்து பார்க்கிறது. நீங்களும் பிள்ளைகளோடு போக நினைத்திருந்தால், ஓர் உம்மா சொல்கிறேன், முதலில் இதை வாசியுங்கள்.

காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று பஸ் நின்று நின்று போனது. அக்கரைப்பற்றில் பாதிச் சனம் இறங்கியது. திருக்கோவிலுக்கு அப்பால் வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்து, தென்னைகளுக்கு இடையில் கடல் தெரியத் தொடங்கியது. ஸைனப் யன்னலை விட்டு நகரவில்லை.

ஒன்பது மணியளவில் மச்சானின் வாசலில் நின்றோம். தோட்டம் அழகுதான், அதை மறுக்க மாட்டேன். மாரி மழையில் வேர் அழுகாதபடி கடல் மணலோடு சல்லிக்கல் கலந்து மேடு மேடாக உயர்த்தியிருக்கிறார். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வகை. சாம்பல் பூத்த நீலத்தில் ஆள் உயரத்துக்கு விரிந்தது ஒன்று. ஓரத்தில் மஞ்சள் கரை ஓடியது ஒன்று. முட்டைக்கோவா போல இறுகிக் கிடந்தது ஒன்று. தாய்ச் செடியைச் சுற்றிக் குட்டிகள் முளைத்திருந்தன. ஒரு செடி வாழ்நாளில் ஒரே தடவை பூக்கும், பூத்ததும் செத்துவிடும் என்று மச்சான் விளக்கினார். விரியாத குருத்தாக ஒட்டிக்கிடந்தபோது ஒரு மடலின் முட்கள் அடுத்த மடலில் பதித்த அடையாளத்தையும் காட்டினார். ஸைனப் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

மேடுகளுக்கு இடையில் போகும் பாதை ஒரு முழ அகலம்தான். இரண்டு பக்கமும் மடல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மடல் நுனியிலும் சாக்குத் தைக்கும் ஊசி போலக் கறுத்த முள், சரியாக ஒரு பிள்ளையின் முக உயரத்தில். வளர்ப்பவர்கள் பாதையோரத்து முட்களின் முனையை மட்டும் நறுக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"முள்ள வெட்டினா அது கற்றாழையா மச்சி? சனம் படம் எடுக்கத்தானே வருது. வெட்டின மடல்ல திரும்ப முள்ளு வராது" என்றார்.

நான் மகளின் கையைப் பிடித்தேன். என் தொலைபேசி அடித்தபோது விட்டேன். அவள் இன்னொரு மடலின் அடையாளத்தைப் பார்க்கக் குனிந்தாள். சல்லியில் கால் சறுக்கியது. நான் திரும்பியபோது அவள் முகமெல்லாம் இரத்தம்.

ஓட்டோவில் வைத்தியசாலைக்குப் போன அந்தத் தூரத்தை என்னால் எழுத முடியவில்லை. புருவத்துக்குக் கீழே இமையின் மேல் முள் ஏறியிருந்தது. இன்னும் ஒரு நெல்மணி அளவு கீழே போயிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டொக்டர். தையல் போட்டு, ஊசி ஏற்றி அனுப்பினார்கள்.

விட்டுவந்த பையை எடுக்க மத்தியானம் மச்சான் வீட்டுக்குத் திரும்பினோம். ராத்தா குர்ஆன் ஓதின தண்ணீர் கொண்டுவந்து பிள்ளையின் முகத்தில் தடவினாள். மச்சான் முற்றத்துக் கதிரையில் இருந்தபடி சொன்னார்: "கண்ணுக்கு ஒண்டும் இல்லதானே, அல்லாஹ்வுக்குச் சுக்ரு செய்ங்க. எல்லாம் நஸீபு."

நஸீபை, இறைவன் எழுதிய விதியை, நானும் நம்புகிறேன். ஆனால் எங்கள் குடும்பங்களில் அந்தச் சொல்லைச் சொன்னதும் கதை முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் கேட்பவர் ஈமான், இறைநம்பிக்கை, குறைந்தவர். அந்தச் செடியைப் பாதை ஓரத்தில் வைத்தது யார்? படத்துக்காக முள்ளை விட்டுவைத்தது யார்? நறுக்கியிருந்தால் எவ்வளவு நேரம் போயிருக்கும்? கேட்டேன். மச்சானிடமே கேட்டேன்.

அந்த நேரம் வாசலில் ஒரு வேன் நின்றது. சம்மாந்துறைக் குடும்பம். மூன்று பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள்.

"ஆக்கள் வந்திரிக்காங்க, வாய மூடு" என்று ராத்தா என் காதுக்குள் சொன்னாள்.

நான் ஸைனபையும் கூட்டிக்கொண்டு போய்க் கடப்பு வாசலை மறித்து நின்றேன். பிள்ளைகளின் வாப்பாவிடம் கட்டுப் போட்ட கண்ணைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்: "இது தெரிஞ்சுமா புள்ளயள உள்ளுக்கு விடுறீங்க?"

எனக்கு நஸீபு சொன்னவர் அந்த அந்நியருக்கு அதைச் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் கத்தரியை எடுத்துவந்தார். "எல்லாத்தையுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"பாதைப் பக்கம் நீட்டுற எல்லாத்தையும்."

வெயிலில் அவர் குனிந்து குனிந்து நறுக்கினார். கடைசி மேடு முடியும்வரை நான் கடப்பை விட்டு விலகவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது ராத்தா வாசலுக்கு வரவில்லை.

எங்கள் ஒழுங்கைத் தெருவிலும் மதில்களின் மேல் உடைந்த போத்தல் ஓடு குத்தியிருக்கிறார்கள். அது கள்ளனுக்கு. வாங்க, வந்து பாருங்க என்று யாரும் அதற்குள் பிள்ளைகளைக் கூப்பிடுவதில்லை. மச்சான் கூப்பிட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஸைனப் தூங்கும்போது அந்த இமையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

குடும்பத்தில் இப்போது என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள், விருந்துக்குப் போன இடத்தில் மானத்தை வாங்கிவிட்டேனாம். ராத்தா நான் அழைத்தால் எடுப்பதில்லை. எடுக்காமல் இருக்கட்டும். சம்மாந்துறைப் பிள்ளைகள் மூன்றும் அந்தப் பாதையில் ஓடி விளையாடிவிட்டு, இரண்டு கண்ணோடும் வீடு போனார்கள்.