ஒளிர்ந்த ஒரே ஒரு சீவல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஆர்ப்பாட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. துளி சந்தோஷம் வந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவாள், பாவம், அவள் வயிற்றில் எதுவும் தங்காது.

முன்பு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்டுக் கேட்டே, கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது யார் என்ற அரிப்பு பிடித்துக்கொண்டது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தானும் படிக்கக் கிளம்பிவிட்டாள். பேருந்து ஓட்டும் புருஷன், "தாராளமா படி. எலிய மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராத" என்று சம்மதம் கொடுத்தான்.

மூளைச் செல் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் அதற்குள் கால்சியம் புகுந்துவிடும். அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ள, சில செல்களில் பார்வால்புமின் என்றொரு புரதம் இருக்கிறது. இருட்டிலேயே வளர்ந்த எலியின் பார்வைப் பகுதியில் இந்தச் செல்கள் குறைகின்றனவா? இதுதான் அவள் கேள்வி. அதற்கு முதலில், வெளிச்சத்தில் வளர்ந்த எலியிலாவது அவற்றைப் பார்த்தாக வேண்டும். மூளையை மெல்லிசாகச் சீவி, அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சாயத்தில் ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் வைத்தால் செல்கள் பச்சையாக ஒளிர வேண்டும். ஒளிர்ந்தால்தானே! மாதக்கணக்கில் கும்மிருட்டு.

"இந்தத் தடவையும் தெரியலன்னா எலிய விட்டுடும்மா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து மத்தவங்க வேலைக்கு உதவி பண்ணு" என்று பேராசிரியை தீர்த்துச் சொல்லிவிட்டார். மதியம் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

மூளையைக் கெட்டியாக்கும் ஃபார்மலினில் அதிகமாக ஊறவிட்டதால்தான் சாயம் ஒட்டவில்லையோ என்று நினைத்து, இந்த முறை சீக்கிரமே எடுத்துவிட்டாள். மூளை கொழகொழத்தது. அலசும்போது சீவல்கள் கிழிந்து போயின. முழுசாகத் தப்பியது ஒன்றே ஒன்று. அதை வைத்துக் குனிந்தாள்.

பச்சை! கண் பட்ட இடமெல்லாம் பச்சை!

அப்புறம் அவளை யார் பிடிப்பது? காவலாளியை இழுத்து வந்தாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, எலி எங்கம்மா?" என்றார். பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தோடு வந்து, "அடி ஆத்தி, பட்டாணிய கொட்டி வச்ச மாதிரில்ல இருக்கு!" என்று கன்னத்தில் கை வைத்தாள். போன் போட்டதும் புருஷன் காக்கிச் சட்டையோடு ஓடி வந்தான். "ஒரு எலிக்குள்ள இத்தன விளக்கா? எங்க டிப்போவுலகூட கெடையாதே!" என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு நேரமாச்சு என்று ஓட்டமெடுத்தான்.

அவன் போனதும் ஆசை தீராமல் மறுபடி குனிந்தவள் பதறிப்போனாள். நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு. நீல வெளிச்சம் விடாமல் பட்டால் பச்சை ஒளி மங்கி அணைந்துபோகும் என்பது அங்கே சேர்ந்த அன்றே சொல்லித்தரும் பாடம். வெளிச்சத்தை மூட மறந்திருந்தாள். படம்கூட எடுக்கவில்லை. அணைந்தது வேறெங்குமில்லை, சரியாகப் பார்வைப் பகுதியில்.

கதவு திறந்தது. பேராசிரியை வந்து உட்கார்ந்து குனிந்தார்.

"என்ன இது, ஓட்ட?"

"இருந்துச்சு மேடம். சத்தியமா இருந்துச்சு. எல்லாருக்கும் காட்டினேன், அதுல..." எலி போச்சு, கேள்வி போச்சு, இனி கம்ப்யூட்டர்தான் என்று அவள் கண்ணில் நீர் முட்டியது.

"ஏம்மா," என்றார் பேராசிரியை, தலையை நிமிர்த்தாமலே. "உன் எலிக்கு மூளை ஒரு பக்கந்தானா?"

அவர் சீவலை மெல்ல நகர்த்தினார். வலப்பக்கத்துப் பார்வைப் பகுதி யார் கண்ணும் படாமல் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொதல்ல படத்த எடு."

எடுத்தாள். படம் திரையில் வந்து நின்றது.

"இருட்டுல வளத்த எலிங்க மூளைய எப்பம்மா சீவப் போற?"

அவள் அப்படியே மேடத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவர் திமிறவில்லை, கண்ணை மட்டும் மைக்ரோஸ்கோப்பை விட்டு எடுக்கவே இல்லை.