மூப்பர் வீட்டுச் சுவரில் மீன்காரி

லெய்டன் நகர மீன் சந்தையில் ஹில்லெகொண்டின் வாய் பிரசித்தம். கெட்ட மீனை நல்ல மீன் என்று அவள் விற்றதே இல்லை. ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்டவன் குடும்பத்தையே கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு வாய் இன்னும் நீண்டது.

முகம் மட்டும் அப்படியொரு சாந்தம். அதைப் பார்த்துத்தான் ஓவியர் லாம்பர்ட் அவளைக் கூப்பிட்டார். இரண்டு கையகலப் பலகையில் ஒரு சின்னப் படம்: மேஜையில் சிப்பி, பாதி தோலுரித்த எலுமிச்சை, வெள்ளிக் குவளை. பின்னால் ஒரு சீமாட்டி, அதாவது ஹில்லெகொண்ட். இரவல் வாங்கிய நீலப் பட்டுச் சட்டை அவளுக்குப் பத்தவில்லை. முதுகில் கயிற்றால் இழுத்துக் கட்டி உட்கார வைத்தார்.

நாலாம் நாள் அவள் மூக்கைப் பொத்தினாள்.

"ஐயா, சிப்பி செத்து நாலு நாளாச்சு. பூனைகூட எட்டிப் பாக்காது."

"பேசாத. வாய் கோணுது."

"வாயா? எனக்குக் குடலே கோணுது!"

மூச்சை அடக்கி, கண்ணில் நீர் முட்ட, தலைகுனிந்து உட்கார்ந்தாள். லாம்பர்ட் அதை அப்படியே வரைந்து, 'அடக்கம்' என்று பெயர் வைத்து, திருச்சபை மூப்பர் யூஸ்டசுக்கு விற்றார். மூப்பர் அதைச் சாப்பாட்டு அறையில் மாட்டி, "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டினார். அந்த வீட்டுச் சமையல்காரி மூலம் சேதி ஹில்லெகொண்டுக்கும் எட்டியது.

அடுத்த மாதம் அவள்மேல் சபையில் புகார். பாதிரியாரின் மைத்துனன் கன்னத்தில் விலாங்கு மீனால் அறைந்துவிட்டாளாம். உண்மைதான். அவன் அவள் இடுப்பைக் கிள்ளியிருந்தான். விசாரித்தவர் யூஸ்டஸ்.

"ஏம்மா, அடக்கம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"உங்க வீட்டுச் சுவத்துலயே தொங்குதே மூப்பரே! அது நான்தான். தினம் என்னைப் பாத்துக்கிட்டுத்தானே சூப் குடிக்கிறீங்க?"

குறிப்பெழுதுபவர் சிரிப்பில் மைக்கூட்டைக் கவிழ்த்தார். மூப்பர் அவளை உற்றுப் பார்த்தார். அதே இமை, அதே மூக்கு. வெந்த நண்டாய்ச் சிவந்துபோனார். அவளுக்கு ஒரு கண்டிப்போடு வழக்கு முடிந்தது.

வீட்டுக்குப் போனதும் படத்தைக் கழற்ற நாற்காலி போட்டார். மனைவி ஆக்னீட்டா விடவில்லை.

"எலுமிச்சை எவ்வளவு அழகா இருக்கு! அதுல கை வெச்சீங்க, தெரியும் சேதி. பிடிக்கலேன்னா கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

படம் அங்கேயே இருந்தது. அதன்பின் சனிக்கிழமைதோறும் ஆக்னீட்டாவே சந்தைக்கு வந்தாள். அவளும் ஹில்லெகொண்டும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு சிரிப்பதைச் சந்தைக்காரர்கள் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஹில்லெகொண்ட் வேறு எந்தப் படத்துக்கும் உட்காரவில்லை. லாம்பர்ட் இரண்டு முறை கேட்டு வந்தார். இரண்டாம் முறை அவள் வாய்க்குப் பயந்து ஓடித்தான் போனார்.