நிழலோடு நகர்ந்த பாய்

நான் வளர்ந்த வளைகுடா ஊரான முவைலாவில் ஒரு கடை வாசலில் இன்று வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் பாயின் வாசனை அடித்தது. இப்போது மேம்பாலத்துக்கு அடியில் போய்விட்ட அந்தப் பூங்காவில், வெள்ளிக்கிழமைதோறும், நைட் டியூட்டி முடித்த கையோடு வந்து வேப்பமரத்தடியில் கண்மூடிப் படுத்துவிடும், நர்ஸான எங்கள் அம்மாவை, நிழல் நகர நகர அப்பாவும் நானும் தம்பியும் பாயோடு சேர்த்து மெல்ல மெல்ல இழுத்து, சாயங்காலத்துக்குள் வேலியோரம் கொண்டுபோய்விடுவோம். "மெதுவா மக்களே, அம்மா ஒறங்கட்டு" என்பார் அப்பா. நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம்.

நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"நான் எங்க ஒறங்கினேன்? வாரம் பூரா நான் ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன். அன்னைக்கு ஒரு நாள் என்னைய நீங்க இழுப்பீங்க. கண்ணத் தொறந்தா நிறுத்திருவீங்கல்லா" என்றாள்.