நான் மேடையில் பார்த்திராத தனலெட்சுமி அக்கா

செய்தி வந்தபோது நான் தொழிற்சாலை கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் நாடகக் குழுவின் வாட்சாப்பில் சேகர் அண்ணன் ஒரே வரி போட்டிருந்தார். தனலெட்சுமி அக்கா இன்று காலை தவறிவிட்டார். நான் நம்பவில்லை. ஏனென்றால் அன்று காலை ஏழு மணிக்குத்தான் அவரைப் பார்த்தேன். இரவு வேலை முடித்து அவர் வெளியே வந்தார், பகல் வேலைக்கு நான் உள்ளே போனேன். கால் வலிக்கிறது, போய்ப் படுக்க வேண்டும் என்றார். ஈஜோக் ஊரில் உள்ள தன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு.

அவரைப் பற்றி எழுதும்படி குழுவில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். அவருடைய வேடத்தில் பாதி என்னுடையது என்பதால் கேட்டிருப்பார்கள். ஆனால் குழுவிலேயே அவர் மேடையில் நடிப்பதைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். அது எப்படி என்று சொல்கிறேன்.

ரவாங்கில் நாங்கள் இருவரும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் ஏ குரூப், நான் பி குரூப். ஒரு குரூப் வெளியே வந்தால்தான் மற்றது உள்ளே போகும். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு நாள், வாசலில் பஸ்ஸுக்காக நின்ற ஒரு அக்கா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். பாவம், தூக்கமில்லாமல் இப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து மெல்ல விலகி நின்றேன். அவர் என்னிடமே வந்து நாடக வசனம் எழுதிய ஒரு தாளை நீட்டினார். "தங்கச்சி, நா சொல்றது இதுல உள்ளபடி இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்றார். பார்த்துச் சொன்னேன். மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு பாலாய் ராயா பொது மண்டபத்துக்கு வா என்றார். வேடிக்கை பார்க்கலாமே என்று போனேன்.

அங்கே வேடிக்கை பார்க்க யாரையும் விடமாட்டார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. நாற்காலி தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். எல்லோரும் எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்கள். எண்ணெய்ப்பனைக் குலை லோரி ஓட்டும் சேகர் அண்ணன்தான் நாடகம் எழுதுவார், இயக்குவார். யாருக்கும் சம்பளம் கிடையாது. அக்கா ஏணியில் ஏறித் திரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகி, வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, கீழே நிற்கும் ஆண்களை ஏவிக்கொண்டிருந்தார். வாயில் ஆணி இருக்கும்போதுகூட அவர் பேச்சு நிற்காது.

ஷிப்ட் வேலைக்காரர்களை வைத்து நாடகம் போடுவது லேசான காரியம் அல்ல. அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேடத்துக்கும் இரண்டு பேர். யாருக்கு அன்று லீவோ அவர் நடிப்பார். மகனின் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போய்க் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரும் தாயின் கதைதான் எங்கள் நாடகம். அந்தத் தாய் வேடத்துக்கு முதல் ஆள் அக்கா. இரண்டாவது ஆள் இல்லாமல் சேகர் அண்ணன் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய் மாட்டினேன். தாய்க்கு ஒரே புடவை, மாம்பழ நிறச் சுங்கடி. நடித்தவர் துவைத்து, அடுத்தவரிடம் தொழிற்சாலை வாசலில் கொடுக்க வேண்டும். அக்கா இஸ்திரி போட்டுக் கொடுப்பார். நான் மடித்து மட்டும் கொடுப்பேன். அதைச் சொல்லிக்காட்டாமல் அவர் ஒரு நாளும் வாங்கியதில்லை.

எல்லா ஊரிலும் அக்கா நடித்தால் ஜனங்கள் அழுவார்கள். நான் நடித்தால் நல்லா இருந்துச்சு என்பார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவர் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. நான் வெறும் ஸ்பேர் டயர்தானோ என்ற எண்ணம் ஒன்பது வருடமும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரே ஒரு முறை இருவரும் ஒரே மேடைக்குப் போனோம். அது சுங்கை செம்பிலாங்கில். தீபாவளிக்காகத் தொழிற்சாலையில் ஷிப்டை மாற்றிப் போட்டிருந்தார்கள். இன்று நம் முறை என்று அவரும் வந்தார், நானும் வந்தேன். நீ செய், இல்லை நீங்கள் செய்யுங்கள் என்று இருவரும் பெருந்தன்மை காட்டியதில் அரை மணி நேரம் போய்விட்டது. கடைசியில் சேகர் அண்ணன் பொறுமையிழந்து, இடைவேளை வரை மாலதி, அதற்குப் பிறகு தனா அக்கா என்று தீர்த்துவைத்தார். இடைவேளையில் புடவையை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்தேன். மாற்றுத் துணி கொண்டுவர மறந்திருந்தேன். யாரோ கொடுத்த சாரோங்கைக் கட்டிக்கொண்டு சாமான் அறையில் உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்க்க முடியவில்லை, குரல் மட்டும் கேட்டது. திரை தூக்கியதும், கல்யாண வீட்டுக்கு வந்தவுடன் இந்த அம்மா ஒரு சாண் வளர்ந்துவிட்டாரே என்று ஒரு பெண் சத்தமாகச் சொல்ல, கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா பேசினார். அதற்கு மேல் யாரும் இருமக்கூட இல்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் பின்பாதியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். மறுவாரம் வாசலில் புடவையை வாங்கும்போது, வாட்சாப் குழுவில் போட்டிருக்கும் உங்கள் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"பாக்காத லா" என்றார். "பாத்தீன்னா என்ன மாதிரியே செய்வ. அப்பறம் அந்த அம்மாவ யாரு செய்றது? நா உன்னோடத பாக்க மாட்டேன், நீ என்னோடத பாக்காத. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அவரும் செய்தார். அதன் பிறகு எத்தனையோ வீடியோக்கள் வந்தன. ஒன்றையும் நான் திறக்கவில்லை.

பாகான் நக்கோடா ஓமார் என்ற ஊரில் நாடகம் போடுவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். அக்காவின் கருமாதி முடிந்த மறுவாரம் அது வந்தது. வேண்டாம் என்று சேகர் அண்ணன் சொன்னார். அக்காவின் மகள் கவிதாதான், அம்மா இருந்தால் திட்டுவார், போய் நடியுங்கள் சின்னம்மா என்று புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். இஸ்திரி போட்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு நடித்தேன். எப்படி நடித்தேன் என்று எனக்கே தெரியாது. முடிந்ததும் நல்லா இருந்துச்சு என்றார்கள்.

மறுநாள் எனக்கு லீவு. காலையில் உட்கார்ந்து சத்தியத்தை மீறினேன். போன வருடம் ஜெராமில் அக்கா நடித்த வீடியோவைத் திறந்தேன். ஒன்பது வருடம் கழித்து முதன்முதலாக அவரை மேடையில் பார்த்தேன். ஜனங்கள் அழுததில் தப்பே இல்லை, நானும் அழுதேன்.

கடைசிப் பந்தி வந்தது. அந்த இடத்தில் நான் ஒன்று செய்வது வழக்கம். இலையில் வைத்த லட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வேன். நாடகத்தில் அது எழுதப்படவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் அம்மா எனக்காக அப்படித்தான் லட்டு கொண்டுவருவார். நாடகத்துத் தாய்க்கு வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கை பழக்கத்தில் முடிந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

வீடியோவில் அக்கா லட்டை எடுத்தார். முந்தானையில் முடிந்தார், அதுவும் இடக்கையால். அக்காவுக்கு எல்லாம் வலக்கைதான். இடக்கைக்காரி நான். மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை. எனக்கு முன்பே அவர் சத்தியத்தை மீறியிருக்கிறார். என்னுடைய வீடியோவை ஒரு தடவை பார்த்தால் அந்தக் கை வந்துவிடாது. வீட்டில் உட்கார்ந்து பல தடவை பார்த்திருக்க வேண்டும்.

அக்கா, இதை ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன். பரவாயில்லை, இப்போது தெரிந்துகொண்டேன். முடிச்சுப் போட்டபின் அதை இரண்டு தரம் தட்டிக்கொடுத்தீர்களே, அது என்னுடையது இல்லை, உங்களுடையது. அடுத்த மேடையில் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். போய் வாருங்கள்.